கொத்தனாரும் குத்தகைக்காரரும்



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு, கூரை ஒழுகினால் யாரிடம் போய்ச் சொல்வது என்ற கவலை இருந்ததில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் கிராணியின் காதில் போட்டுவிடுவோம். அன்றோ, அடுத்த வாரமோ, சில வேளை அடுத்த மழைக்காலத்திலோ தோட்டத்துத் தச்சர் ஏணியைத் தோளில் சுமந்து வந்து சேருவார். தாமதம் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. ஆனாலும் வந்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். அவர் குடியிருப்பது பக்கத்து லயத்தில். வேலை சரியில்லை என்றால் மாலையில் அவர் வீட்டு அஞ்சடியில் போய் நின்று, "என்ன அண்ணே, மறுபடியும் ஒழுகுதே" என்று கேட்டுவிடலாம்.

இன்று அப்படிக் கேட்க ஆள் இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் உண்டு. இந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

கோலசிலாங்கூர் வட்டாரம் தோட்டத் தொழிலின் வரலாற்றில் தனி இடம் பெற்றது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வாணிப எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை இங்கேதான் அமைத்தார். அதன் பெயர் தென்னமரம் தோட்டம். செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழ்ப் பெயர்! அந்நாளில் ரப்பரானாலும் செம்பனையானாலும், ஆளைக் கொண்டுவந்த கம்பெனியே தங்க இடமும் தரவேண்டும் என்பது விதி. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இதை முதலாளியின் கடமையாக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1966-இலும், மீண்டும் 1990-இலும் தொழிலாளர் வீட்டு வசதிக்கென்றே தனிச் சட்டங்கள் வந்தன.

இந்த ஏற்பாட்டில் ஒரு முள்ளும் இருந்தது. வீட்டுக்குப் பொறுப்பு கம்பெனியுடையது. ஆகவே வீடும் கம்பெனியுடையதே. முப்பது ஆண்டு பால் மரம் சீவியவர் வேலை ஓய்ந்த நாளில் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான்.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து 1962-இல் நூலாக வெளியிட்டார். துண்டாடப்பட்ட நிலத்தில் மேனேஜரும் இல்லை, கிராணியும் இல்லை; வேலை 'கண்ட்ராக்ட்' ஆளின் கைக்குப் போயிற்று. நம் மக்கள் அந்தச் சொல்லை அச்சத்தோடு சொல்லப் பழகியது அப்போதுதான். இதற்கு மாற்றாகத்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது பெரிய கதை. இன்னொரு நாள் பேசலாம்.

பின்னர் பட்டணம் தோட்டத்தை நோக்கி நடந்து வந்தது. பூஞ்சாக் ஆலம், புக்கிட் பெருந்தோங், 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை என எங்கும் தாமான்கள் எழுந்தன. வீட்டுக்காக வெகுகாலம் போராடியவர்களும் உண்டு. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் எத்தனை ஆண்டு வாசல்படி ஏறி இறங்கின என்பதை அந்தப் பக்கத்து நேயர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

இப்படியாகச் சேமநிதிப் பணத்தை எடுத்தும், வங்கிக் கடன் பட்டும், நகையை விற்றும் நம்மவர் சொந்த வீட்டுக்காரர் ஆனார்கள். வீட்டைக் கட்டி விற்கும் நிறுவனத்துக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். சாவி கைக்கு வந்தபின் 24 மாதம் வரை குறைகளைச் சரிசெய்து தரும் கடமையும் அதற்கு உண்டு. வாங்கும்வரை சட்டம் துணைக்கு நின்றது. சிக்கல் அதற்கப்புறம் வந்தது.

மலிவு விலை வீடு சிறியது. மகளுக்குக் கல்யாணம், மாமியாரும் உடன் இருக்கிறார். பின்பக்கம் ஒரு குசினியும் ஓர் அறையும் இழுத்துக் கட்டினால் போதும் என்று தோன்றுகிறது. ஒருநாள் லாரியில் ஒருவர் வருகிறார். மூன்று இடத்தில் கேட்ட விலையைவிடக் குறைவாகச் சொல்கிறார். பாதிப் பணம் முதலிலேயே வேண்டுமாம், சிமெண்டு விலை ஏறப்போகிறதாம்! சுவர் இடுப்பளவு எழும்புகிறது. பிறகு தொலைபேசி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. நாம் பல ஊர்களில் கேட்ட கதை இது. ஊர்ப் பெயரை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் ஒன்றேதான்.

வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறவரால் வரும் கேடு இன்னும் மெதுவானது. கோலசிலாங்கூர்க் கரையோர மண் இளகிய களிமண். மூல வீடு ஆழ இறக்கிய தூண்களின் மேல் நிற்கும். முற்காலத்தில் இதற்குச் சதுப்பு நிலத்துப் பாக்காவ் மரங்களை அடித்து இறக்குவார்கள். புதிய குசினியை வெறும் மண்ணில் ஒட்டவைத்தால் அது தன் பாட்டுக்கு அமிழத் தொடங்கும். பழைய சுவரோ அசையாது. இரண்டும் சேரும் இடத்தில் விரல் நுழையும் வெடிப்பு விழும். மழைநீர் அதன் வழியே அரிசிப் பானைவரை வந்துவிடும். மேலும் 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி இத்தகைய கூடுதல் கட்டுமானத்துக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி எழுந்ததை இடிக்கச் சொன்னால், அந்தக் கடிதம் கட்டியவருக்குப் போகாது. வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

இனி, நேர்மையாகத் தொழில் செய்பவரின் பக்கம் வருவோம். 1994-இல் பிறந்த 520-ஆம் எண் சட்டம் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி-யை அமைத்தது. அதில் பதியாத குத்தகைக்காரர் கட்டுமான வேலை எடுத்தால் 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். மின்சார வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் பதிவும் தகுதிபெற்ற வயர்மேனும் வேண்டும். பதிந்தவர் கட்டணம் கட்டுகிறார், ஆட்களுக்குச் சொக்சோ செலுத்துகிறார், சாரத்திலிருந்து ஒருவன் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னேற்பாடு செய்கிறார். இவ்வளவும் அவர் சொல்லும் விலையில் ஏறுகிறது. எதையும் செய்யாதவர் சொல்லும் 'மலிவு' என்பது, இந்தச் செலவுகளை நம் தலையிலும் தம் கூலியாட்கள் தலையிலும் இறக்கிவைத்த மலிவு. நல்ல தொழிலாளி அந்த விலைக்கு இறங்கினால் சிமெண்டில் கைவைக்க வேண்டும். இறங்காவிட்டால் வேலை இல்லை. இப்படி மனம் கசந்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காவல்காரர் வேலைக்குப் போனவர்களை நாம் அறிவோம்.

இங்கே ஓர் உண்மையைத் தயங்காமல் சொல்லியாக வேண்டும். நாம் முதலில் நினைவுகூர்ந்த அந்தத் தோட்டத்துக் கொத்தனாரிடம் என்ன தாள் இருந்தது? ஒன்றுமில்லை. அவருக்குத் தொழில் தந்தையிடமிருந்து வந்தது. உத்தரவாதம் அவர் முகமே. தோட்டம் கலைந்து தாமானுக்கு வந்தபோது அந்த முகத்தை அறிந்த ஊர் கலைந்துபோயிற்று. சட்டத்தின் பார்வையில் அவரும் லாரிக்காரரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். பதிவு இல்லாதவரெல்லாம் ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் முகம் தெரியாத ஊரில், பதிவு எண் ஒன்றுதான் பழைய அஞ்சடியின் வேலையைச் செய்கிறது: தவறு நேர்ந்தால் போய் நின்று கேட்க ஓர் இடம்.

ஆகவே அந்தக் கொத்தனாரை அந்த இடத்துக்குக் கொண்டுவருவதே நியாயம். பள்ளிப் படிப்பு இல்லாதவரின் கைத்திறனையும் அனுபவத்தையும் மதிப்பிட்டுத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை இந்நாட்டில் உண்டு. திறன் மேம்பாட்டுத் துறை அதை நடத்துகிறது. மலாய் மொழியில் 'பெங்கிக்திராஃபான் பெஞ்சாப்பாயான் தெர்டாஹூலு' என்பார்கள். செய்த வேலைகளின் படங்களும் பழைய ரசீதுகளும் அதற்கு ஆதாரமாகும். இளைய பிள்ளைகள் அப்பாவுக்காக அவற்றைச் சேர்த்து அடுக்கித் தரலாம்.

ஏற்கெனவே பணத்தை இழந்தவர்களுக்கு 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ஒரு தீர்ப்பாயத்தைத் தந்திருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 2019 முதல் 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம்; மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். பாரத்தில் எதிராளியின் பெயரையும் முகவரியையும் எழுதக் கட்டம் போட்டிருப்பார்கள். பலர் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிடுகிறார்கள். அவர்களிடம் இருப்பது ஒரு கைத்தொலைபேசி எண்ணும், லாரியின் நிறமும்தான்.