பல் கூச்சம்
குளிர்ந்த நீரோ ஐஸ்கிரீமோ பட்டதும் பல்லில் சுரீரென்று எழுந்து, சில நொடிகளில் அடங்கும் வலி. எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ அடியிலுள்ள டென்டின் வெளிப்படுவதே காரணம். டென்டினின் நுண்குழாய்களில் உள்ள திரவம் குளிர் பட்டால் வெளிப்புறமாக நகர்ந்து, உள்நரம்பைத் தூண்டுகிறது. ஸ்வீடன் ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் வலுப்படுத்திய இவ்விளக்கமே இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது.

அழுத்தித் தேய்ப்பது, புளிப்புப் பானங்கள், இரவில் பல் கடிப்பது ஆகியவை தேய்மானத்தைக் கூட்டும். மென்மையான பிரஷ் அவசியம். 5% பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை நரம்பின் உணர்வைத் தணிக்கும். பலன் தெரியச் சில வாரங்களாகும் என்பதால் பாதியில் விட்டுவிடக் கூடாது. மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார். பள்ளம் விழுந்த இடத்தை அடைப்பார். குளிர் நீங்கிய பிறகும் வலி நீடித்தால் அது வெறும் கூச்சமன்று. சொத்தையோ விரிசலோ இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.