சாந்தோம் கோட்டை

மயிலாப்பூரின் கச்சேரி வீதி வழியே கிழக்கு நோக்கிச் சென்று கடலோரத்தை அடைகிறவர்கள், அங்கே ஓங்கி நிற்கும் வெண்ணிறத் தேவாலயத்தை அண்ணாந்து பார்ப்பார்களேயன்றி, அதைச் சூழ்ந்த அந்தச் சிறிய பிரதேசம் ஒரு காலத்தில் மதிலும் கொத்தளமும் பூண்டு, தனி அரசுக்குரிய ஆடம்பரங்களோடு விளங்கிய பறங்கியர் பட்டணம் என்பதை நினைப்பதில்லை. நினைப்பதற்கு அடையாளமும் இல்லை. சென்னப்பட்டணம் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கும் முன்னே, 1523ஆம் ஆண்டையொட்டித் தோமையாரின் சமாதி எனக் கருதப்பட்ட இடத்தில் போர்த்துக்கீசியர் தேவாலயத்தைப் புதுப்பித்து, அதைச் சுற்றிக் குடியேறினார்கள். கடலோரத்திலிருந்த புராதன கபாலீசுவரர் ஆலயம் அவர்கள் காலத்தில் அழிந்தது என்பது மயிலையின் மரபு. சாந்தோம் பகுதியில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் அம்மரபுக்குப் பக்கபலமாக நிற்கின்றன. 1559இல் விஜயநகரத்து ராமராயர் படையுடன் வந்து பெருந்தொகையைத் தண்டமாகக் கேட்டதற்கும் கோவில்களைப் பற்றிய முறையீடே ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆங்கிலேயர் 1640இல் இதற்கு வடக்கே சில கல் தொலைவில் புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பியபோது, அண்டை வீட்டாரிடையே உண்டாகும் அசூயை இரு பட்டணங்களுக்கும் நடுவே மூண்டது. சென்னைக் கோட்டையிலிருந்த எப்ரேம் என்னும் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியை 1649இல் சாந்தோமுக்கு வரச்செய்து, பிடித்து, கோவாவிலிருந்த மத விசாரணை மன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள்; அவர் விடுதலையாகித் திரும்பச் சில ஆண்டுகள் சென்றன. வேடிக்கை என்னவெனில், இதே சாந்தோமிலிருந்து வந்து குடியேறிய போர்த்துக்கீசியர்களே சென்னைக் கோட்டையின் ஜனத்தொகையில் கணிசமான பங்கினராக இருந்தார்கள்.

1662இல் கோல்கொண்டா சுல்தானின் சேனை சாந்தோமைக் கைப்பற்றியது. பத்தாண்டு கழித்து, 1672 ஜூலையில், டி லா ஹே என்னும் பிரெஞ்சுத் தளபதி கப்பல்களோடு வந்து அதைப் பறித்துக்கொண்டார். தரைப்பக்கம் கோல்கொண்டாப் படையும் கடற்பக்கம் டச்சுக்காரரின் கப்பல்களும் வளைத்துக்கொள்ள, உள்ளிருந்தவர்கள் பசியோடும் நோயோடும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்து, 1674 செப்டம்பரில் சரணடைந்தார்கள். அவர்களுக்குத் தானியம் தேடிப் போன இடத்தில்தான், பீஜப்பூர் சுல்தானின் அதிகாரியான ஷேர்கான் லோடியின் தயவினால், பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் காலூன்றிய புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் இங்கிலீஷ்காரரைக் கலங்கவைத்த அந்நகரம் சாந்தோம் முற்றுகையின் பிள்ளை என்றே சொல்லத்தகும்.

இனி ஒரு விசித்திரம். பீரங்கிகளுக்கு இவ்வளவு காலம் ஈடுகொடுத்த மதிலை, வென்றெடுத்த கோல்கொண்டாவே இடித்துத் தள்ளியது. வேறொரு ஐரோப்பியன் உள்ளே புகுந்துகொண்டால் மறுபடியும் இரண்டாண்டு முற்றுகையா என்ற அச்சம்! வடக்கேயிருந்த ஆங்கிலேயருக்கு இதைவிட உவப்பான செய்தி இருந்திருக்க முடியாது. எஞ்சி நின்றதையும் மொகலாயர் 1697இல் தரைமட்டமாக்கினார்கள். இங்கிலாந்தின் டார்செட் பிரதேசத்திலுள்ள கார்ஃப் காசில் என்னும் சிற்றூரின் கோட்டைக்கும் இதே கதிதான். உள்நாட்டு யுத்தத்தில் பிடித்த பார்லிமெண்டார் அதை 1646இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள், ஊரார் அக்கற்களைக் கொண்டுபோய் வீடு கட்டிக்கொண்டார்கள். ஆயினும் அங்கே குன்றின்மேல் இடிபாடாவது எஞ்சியிருக்கிறது. நம் சாந்தோமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1749இல் ஆங்கிலேயர் சாந்தோமைத் தமதாக்கிக்கொண்டபின் அங்கே எழுப்பிய சிறு கொத்தளமும் நாளடைவில் ஒரு துரையின் மாளிகையாகி, லீத் காசில் என்னும் தெருப்பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. தோமையாரின் பழைய தேவாலயத்தையும் 1893இல் இடித்துவிட்டுத்தான் இப்போதைய கோதிக் பாணிக் கட்டடத்தை எழுப்பினார்கள். அபிஷேகம் நடந்தது 1896இல். இத்தனையும் போனபின்னும் போர்த்துக்கீசியர் விடாமல் வைத்திருந்த உரிமை ஒன்றுண்டு. 1606இல் நிறுவப்பட்ட மயிலை மேற்றிராசனத்தின்மீது லிஸ்பன் அரசுக்கிருந்த புரவல் அதிகாரம், கோட்டை மண்ணாகி இருநூற்றைம்பது ஆண்டுகளாகியும் நீடித்து, பாரதம் சுதந்திரம் பெற்ற பின்னரே நீங்கியது. 1952இல் அம்மேற்றிராசனம் சென்னையோடு இணைக்கப்பட்டது.