கையடக்க விளையாட்டுக் கணினியில் மாற்று இயங்குதளம்

கையடக்க விளையாட்டுக் கணினியில் மாற்று இயங்குதளம் என்பது, இரு கைகளில் பிடித்து விளையாடும் சிறு கணினியில், தயாரிப்பாளர் பதித்து அனுப்பிய இயங்குதளத்தை நீக்கிவிட்டோ அதற்குப் பக்கத்திலேயோ வேறொன்றை நிறுவிப் பயன்படுத்துவதாகும். விண்டோசுடன் வந்த கருவியில் லினக்ஸ் ஏற்றுவதும், லினக்சுடன் வந்ததில் விண்டோஸ் ஏற்றுவதும் இதில் அடங்கும். காசு கொடுத்து வாங்கிய கருவியில் எது ஓட வேண்டும் என்பதை வாங்கியவர் முடிவு செய்வதா, செய்து விற்றவர் முடிவு செய்வதா என்ற வழக்கே இதன் வரலாறு.

தொடக்கம்

தென்கொரியாவின் கேம்பார்க் ஹோல்டிங்ஸ் 2005இல் வெளியிட்ட ஜிபி2எக்ஸ், லினக்சுடனேயே விற்பனைக்கு வந்தது. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு அது திறந்த வீடு. அதே காலத்து நின்டெண்டோ டிஎஸ், சோனி பிஎஸ்பி இரண்டும் பூட்டிய வீடுகள். ஆனாலும் 4 மெகாபைட் நினைவகமே கொண்ட டிஎஸ் கருவிக்குள்ளும் ஆர்வலர்கள் லினக்சைச் சுருக்கி ஏற்றிக் காட்டினர். 2010இல் வந்த பண்டோரா, இத்தகைய ஆர்வலர்களே கூடி வடிவமைத்த லினக்ஸ் கருவி. விளையாட்டுக்கென்று அல்லாமல் பொதுப் பயன்பாட்டுக்காக லினக்சில் இயங்கிய கையடக்கக் கணினியை இந்தியா அதற்கு முன்பே கண்டிருந்தது. பெங்களூரில் உருவான சிம்ப்யூட்டர்தான் அது.

பூட்டும் திறப்பும்

கையடக்கக் கருவியாக இல்லாவிட்டாலும், சோனியின் பிளேஸ்டேஷன் 3 இவ்வரலாற்றில் தவிர்க்க முடியாதது. 2006இல் வெளியானபோது வேறு இயங்குதளம் நிறுவ அதில் வசதி இருந்தது. 2010 ஏப்ரல் 1இல் வந்த மென்பொருள் புதுப்பிப்பு அந்த வசதியைப் பறித்தது. அமெரிக்காவில் பயனர்கள் வழக்குத் தொடுத்தனர். பின்னர் அது சமரசத்தில் முடிந்தது.

2018இல் நின்டெண்டோ ஸ்விட்ச்சின் தொடக்க நிரலில் ஒரு பிழை வெளிப்பட்டது. அந்த நிரல் சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருந்ததால், விற்றுப்போன கருவிகளில் புதுப்பிப்பு அனுப்பி அதைச் சரிசெய்ய முடியவில்லை. வலப்பக்கக் கைப்பிடி செருகும் தடத்தில் ஒரு சிறு உலோக முனையை இணைத்துவிட்டு லினக்சைத் தொடங்க வழி பிறந்தது.

ஸ்டீம் டெக்

2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் நிலைமையை மாற்றியது. 7 அங்குலத் திரை, ஏஎம்டி சில்லு, 16 கிகாபைட் நினைவகம் கொண்ட இக்கருவி ஆர்ச் லினக்சை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் 3இல் இயங்குகிறது. விண்டோசுக்கென எழுதிய விளையாட்டுகளை, வால்வ் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்ற இடைமென்பொருள் லினக்சில் ஓட வைக்கிறது. விற்பனை தொடங்கிய மறுமாதமே விண்டோசுக்கான இயக்கி மென்பொருள்களை வால்வே வெளியிட்டது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக லினக்சில் ஓட மறுக்கும் சில இணைய விளையாட்டுகளுக்காகப் பலர் விண்டோசை நாடுகின்றனர்.

எதிர்த்திசைப் பயணமும் நடந்தது. 2023இல் விண்டோஸ் 11உடன் வந்த ஏசூஸ் ராக் அலை கருவியில், பெடோரா லினக்ஸ்வழி வந்த பாஸைட்டைப் பலர் நிறுவினர். 2025 மே மாதம் லெனோவோ லீஜியன் கோ எஸ், வால்வ் அல்லாத நிறுவனமொன்றிடமிருந்து ஸ்டீம்ஓஎஸ் உடனேயே வந்த முதல் கருவியாயிற்று.

நிறுவும் முறை

ஸ்டீம் டெக்கை முழுதாக அணைத்து, ஒலிக்குறைப்புப் பொத்தானை அழுத்தியபடியே மின்பொத்தானைத் தட்டினால், ஒரு மணியோசைக்குப் பின் தொடக்கப் பட்டி தோன்றும். நிறுவல் கோப்பை ஏற்றி முன்பே செருகிவைத்த பென் டிரைவை அதில் தேர்ந்தால் நிறுவல் தொடங்கும். உள்ளிருக்கும் திரை கைப்பேசித் திரைபோல் நெட்டுவாக்கில் அமைந்தது. ஆதலால் நிறுவல் பக்கம் பக்கவாட்டில் சாய்ந்து தெரியும். முதன்முறை செய்பவர் கருவி கெட்டுவிட்டதோ என்று பதறுவதுண்டு. கருவியைத் திருப்பிப் பிடித்தால் போதும். பழைய இயங்குதளத்தைத் தொடாமல், நினைவட்டையில் விண்டோசை வைத்துக்கொள்வோரும் உண்டு. பிழை நேர்ந்தால் மீட்பதற்கான கோப்பை வால்வ் இலவசமாகத் தருகிறது.

மலேசியாவும் பேராக்கும்

ஸ்டீம் டெக் முதலில் விற்கப்பட்ட நாடுகளில் மலேசியா இல்லை. விரும்பியோர் இறக்குமதியாளர்களிடம் வாங்கினர். ராக் அலை இங்கு நேரடியாகவே விற்பனைக்கு வந்தது. ஆனால் இக்கருவிகளுக்கு உயிரான சில்லுத் தொழில் இந்நாட்டுக்குப் புதிதன்று. ஏஎம்டி 1972இல் பினாங்கில் ஆலை திறந்தது. அதே ஆண்டு பேராக்கின் ஈப்போவில் கார்செம் நிறுவனம் சில்லுப் பொதியிடும் பணியைத் தொடங்கியது. பால்மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட, பேராக்கின் தோட்டப்புறக் குடும்பங்கள் பல நகரத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) பெயர்ந்ததும், மின்னணுத் தொழில் வேரூன்றியதும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக்குள் நடந்தவை.

வீட்டில் இரண்டு கணினி வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு மாற்று இயங்குதளம் கைகொடுக்கும். விசைப்பலகை, சுட்டி, தொலைக்காட்சித் திரை ஆகியவற்றை இணைத்தால் விளையாட்டுக் கருவியே பாடம் எழுதும் மேசைக் கணினியாகிவிடும்.

இதில் தமிழுக்கும் இடமுண்டு. ஸ்டீம்ஓஎஸ் மேசைத்தளமான கே.டி.இ. பிளாஸ்மாவைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியுள்ளனர். லினக்ஸ் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 இருக்கிறது. தயாரிப்பாளர் தராத தமிழைக் கருவிக்குள் நாமே கொண்டுவரும் இம்மரபுக்கு மலேசியாவில் முன்னோடி உண்டு. முத்து நெடுமாறன், தமிழில் எழுத உதவும் மென்பொருள்களாகக் கணினிக்கு முரசு அஞ்சலையும், 2005இல் கைப்பேசிக்குச் செல்லினத்தையும் உருவாக்கினார்.

சட்டம்

ஸ்டீம் டெக் போன்ற திறந்த கருவியில் வேறு இயங்குதளம் ஏற்றுவது உரிமையாளரின் விருப்பம். பூட்டிய கருவிகளின் நிலை வேறு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், படைப்புகளைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டுகளை மீறுவதைச் சில விலக்குகளுடன் தடைசெய்கிறது. எனவே மாற்று இயங்குதளம் வேண்டுவோர் வாங்கும்போதே திறந்த கருவியாகப் பார்த்து வாங்குவது நலம். அப்படி வாங்கியதில், தயாரிப்பாளர் கைவிட்ட பிறகும் புதிய இயங்குதளத்தை ஏற்றி மேலும் சில ஆண்டுகள் உழைக்க வைக்கலாம்.