நீலகிரிக்கு ஏறிவந்த ஆலைகள்

தேர்தல் வந்தால் நீலகிரியில் தவறாமல் எழும் கோரிக்கை ஒன்று உண்டு: மாவட்டத்தில் தொழில் இல்லை, பிள்ளைகள் எல்லாம் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிப் போய்விடுகிறார்கள், அரசு ஒரு பெரிய ஆலையைக் கொண்டுவர வேண்டும். குறை உண்மையானதுதான். 2001 கணக்கெடுப்பில் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 7,35,394 ஆக இறங்கியது. தமிழகமே பெருகிய பத்தாண்டில் இந்த மலை மட்டும் ஆட்களை இழந்தது. ஆனால் கேட்பவர்களும் வாக்குறுதி தருபவர்களும் இந்த மலைக்கு இதுவரை ஆலையே வந்ததில்லை என்பதுபோலப் பேசுவதுதான் வியப்பு. ஒன்றரை நூற்றாண்டில் இங்கே தங்கச் சுரங்கம் வந்தது, கொயினா ஆலை வந்தது, வெடிமருந்து வந்தது, புகைப்படச் சுருள் வந்தது, தையல் ஊசி வந்தது. அவற்றில் எது நின்றது, எது போனது, ஏன் என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. சமவெளிக்கு இறக்கிக்கொண்டு போகக்கூடிய ஒன்றை நம்பி ஏறிவந்த தொழில், கொஞ்ச காலத்தில் தானும் இறங்கிவிட்டது, அல்லது வேறிடத்துப் போட்டியில் மாய்ந்தது. இறக்க முடியாத ஒன்றைப் பற்றிக்கொண்டது மட்டுமே நிலைத்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறுவதற்கு முன்பே இங்கு ஒரு தொழில் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோக்கால் எனப்படும் ஏழு ஊர்களில் வாழ்ந்த கோத்தர்கள் இரும்படித்தார்கள், பானை வனைந்தார்கள், தோல் பதப்படுத்தினார்கள், சாவுக்கும் சடங்குக்கும் இசைத்தார்கள். படகரின் மண்வெட்டியும் அரிவாளும் கோத்தர் பட்டறையில் பிறந்தவை. அதற்கு ஈடாகத் தானியம் வந்தது. தோடரிடமிருந்து நெய்யும் எருமையும், குறும்பரிடமிருந்து தேனும் இதே சுற்றில் கைமாறின. மலைப்பாதை கடினமாக இருந்தவரை இந்த ஏற்பாடு ஓடியது. பாதையும் சந்தையும் வந்து, கீழிருந்து மலிவான இரும்புச் சாமான் ஏறத் தொடங்கியதும் பட்டறைகளின் பிடி தளர்ந்தது. தொழிலைக் கொண்டுவருவதற்காகப் போடும் சாலை இருந்த தொழிலையும் கரைக்கும் என்பதற்கு இந்த மாவட்டத்தில் கிடைக்கும் முதல் சான்று இது. தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிக் குதித்து நேராக வெள்ளைக்காரனிடம் போய்விடுகிறார்கள்.

அப்படிப் போனால் முதலில் தட்டுப்படுவது தேவாலா, பந்தலூர்ப் பகுதியின் தங்கக் கூத்து. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரவ் ஸ்மித் என்ற நிபுணர் 1879-இல் வந்து பாறைகளைப் பார்த்து நம்பிக்கையான அறிக்கை தந்தார். லண்டனில் கம்பெனிகள் மளமளவென்று முளைத்தன. காப்பித் தோட்டங்களைத் தங்க விலைக்கு விற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். தங்கம் தேடியவர்களுக்குச் செலவுக்குக்கூடக் கட்டவில்லை, சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கிவிட்டது. இதை அதிகம் பேச ஒன்றுமில்லை, பங்குச் சந்தை மோசடிக்கு மலை வெறும் மேடை. மலேரியாவுக்கான கொயினா மருந்து தரும் சின்கோனா மரத்தின் கதை வேறு வகை. 1860-களில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த கன்றுகளை உதகைப் பூங்காவின் மெக்ஐவர் வளர்த்தெடுத்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் எழுந்தது, அதில் சீனக் கைதிகள் உழைத்தார்கள், நடுவட்டத்தில் கொயினா ஆலையும் வந்தது. மரம், மண், குளிர் எல்லாமே இந்த உயரத்துக்கு உரியவை என்பதால் இந்தத் தொழில் என்றும் நிற்கும் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அதே உயரமும் குளிரும் ஜாவாவிலும் இருந்தன. அங்கே டச்சுக்காரர்கள் நட்ட ரகத்தின் பட்டையில் கொயினா பல மடங்கு அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை மருந்தும் வந்து சேர்ந்தது. மலையின் தட்பவெப்பம் நம்மிடம் மட்டுமே இருக்கும் சொத்து என்று எண்ணியதுதான் அடிப்படைப் பிழை. அந்தப் பிழையை நூறாண்டு கழித்து அரசு இன்னும் பெரிய அளவில் மறுபடி செய்தது.

அதற்கு வருமுன் தண்டவாளமும் வெடிமருந்தும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் போட வேண்டும் என்ற யோசனை 1854-லேயே எழுந்தது. முதல் கம்பெனி பணமில்லாமல் மூழ்கி, அடுத்த கம்பெனியின் காலத்தில் 1899-இல்தான் குன்னூருக்கு வண்டி ஓடியது. உதகைக்கு 1908. செங்குத்தான பகுதியில் பற்சக்கரத்தால் ஏறும் 46 கிலோமீட்டர்ப் பாதை. ஏறுவதற்கு இன்றும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு அது இன்பம், சரக்கு ஏற்றுகிறவனுக்கு அது கூலி. மூலப்பொருள் கீழிருந்து ஏறி, ஆன பொருள் கீழே இறங்க வேண்டிய எந்தத் தொழிலும் இந்த இருவழிக் கூலியைச் சுமந்தாக வேண்டும். அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை. குளிர்ந்த காற்று வெடிமருந்துக்குப் பாதுகாப்பு, தண்ணீர் உண்டு, காட்டேரி அருவியில் மின்சாரம் எடுக்கலாம், எதிரிக்கு எட்டாத இடம் என்று காரணங்கள் பல சொன்னாலும், அந்த ஆலை நூற்றிருபது ஆண்டுகளாக நிற்பதற்குக் காரணம் அதை வாங்குகிறவர் பேரம் பேசுவதில்லை என்பதே. வாங்குவது படை, விலை வைப்பது அரசு. இதைக் காட்டி ‘மலையில் ஆலை நிலைக்காது என்று யார் சொன்னது’ என்று கேட்பவர்கள் உண்டு. படைக்கலன் ஆலைகள் 2021-இல் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, அருவங்காடும் கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனி ஒன்றின் கீழ் வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் இனிமேல்தான் தெரியவரும்.

மலைக்கென்றே உரிய ஒரு செல்வம் இருந்தது. அது உயரத்திலிருந்து விழும் நீர். பைக்காரா ஆற்றை ஏறத்தாழ மூவாயிரம் அடி கீழே சிங்காராவுக்குக் குழாயில் இறக்கி 1932-இல் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் உதகையில் ஆலை எதையும் எழுப்பவில்லை. கம்பி வழியே கோயம்புத்தூருக்கு இறங்கிப்போய், பஞ்சு விளையும் கரிசல் மண்ணின் நடுவே நூற்பாலைகளைப் பெருக்கியது, கிணறுகளில் மோட்டாரை ஓட்டியது, அந்த மோட்டாரைச் செய்யும் பட்டறைகளைப் பெற்றது. கோவை தொழில் நகரமான கதையில் பாதி நீலகிரித் தண்ணீரின் கதை. 1960-களில் கனடா உதவியோடு வந்த குந்தா திட்டமும் இதே வழியில்தான் போயிற்று. காட்டு மரத்துக்கும் இதே விதி. நீலகிரியின் தைலமரம் லாரியில் இறங்கிச் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குப் போனது. அந்த ஆலை பவானியை அழுக்காக்கியதும் பின்னர் மூடப்பட்டதும் தனிக்கதை. கம்பி வந்த பிறகு சக்தி பிறக்கும் இடத்திலேயே ஆலை இருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. மின்சாரம் இறங்கிவிடும்போது முதலாளி எதற்காக ஏற வேண்டும்?

இந்தப் பாடம் கண்ணெதிரே இருக்கும்போதுதான் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் வந்தது. 1960-இல் பதிவான இந்த மத்திய அரசு நிறுவனம், பிரான்சின் பூஷே நிறுவனத் தொழில்நுட்பத்தோடு உதகையை ஒட்டிய இந்து நகரில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை சினிமாச் சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் புகைப்படத் தாளும் வந்தன. உதகையைத் தேர்ந்ததற்கு நியாயம் இருந்தது. வெள்ளி உப்பையும் ஜெலட்டினையும் கலந்த பசையை மெல்லிய தகட்டின்மீது இருட்டில் பூச வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் திரையில் அது கரும்புள்ளி, சூடு ஏறினால் பூச்சு இளகும், நீரில் உப்பிருந்தால் நிறம் கெடும். தூசியற்ற குளிர்காற்றும் தெளிந்த நீரும் உதகையில் சும்மா கிடைத்தன. ஆனால் காற்றை வடிகட்டிக் குளிர வைக்கும் எந்திரத்தை எந்தச் சமவெளியிலும் பொருத்தலாம். ஜப்பானும் அமெரிக்காவும் அப்படித்தான் செய்தன. சும்மா கிடைத்த குளிரின் லாபத்தை, ஏறி இறங்கும் சரக்குக் கூலியும் பழைய தொழில்நுட்பமும் விழுங்கின. கோடம்பாக்கம் எழுபதுகளில் வண்ணத்துக்கு மாறியபோது, வெளிநாட்டிலிருந்து பெருஞ்சுருளாக வரும் வண்ண ஃபிலிமை அறுத்துக் கட்டித் தரும் வேலைதான் இவர்களுக்கு மிஞ்சியது. தொண்ணூறுகளில் இறக்குமதித் தீர்வை குறைந்தது, நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது, டிஜிட்டல் வந்தது. உச்சத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்குச் சோறு போட்ட ஆலை, விருப்ப ஓய்வுகளில் கரைந்து, பத்தாண்டுக்கு முன் ஒரேயடியாக மூடப்பட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2012-இல் கோடாக்கே திவால் மனு கொடுத்தது. உலகெங்கும் ஃபிலிம் செத்தது, இதில் உதகை என்ன செய்யும்? சரியான கேள்வி. ஆலை சாவதற்கு மலை காரணம் என்று நான் சொல்லவில்லை. செத்த பிறகு நடந்ததைப் பாருங்கள். கோவையில் ஒரு மில் மூடினால் அங்கே வேலை பார்த்த ஃபிட்டர் பம்ப் கம்பெனிக்குப் போவான், எலெக்ட்ரீஷியன் ஃபவுண்டரிக்குப் போவான், கேன்டீன்காரர் அடுத்த தெருவில் மெஸ் போடுவார். ஒரு தொழிலின் ஓரத்தில் பத்துத் தொழில் முளைக்கும் இடம் அது. இந்து நகரின் ஓரத்தில் அப்படி எதுவும் முளைக்கவில்லை. மூலப்பொருள் வெளியிலிருந்து வந்தது, வாங்குகிறவர் வெளியில் இருந்தார், இருட்டறையில் பழகிய நுண்திறனுக்கு மலையில் இரண்டாவது முதலாளி இல்லை. குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரு சிறு அறையில் ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வும் இப்படித்தான். பிறகு பெரிய தேசிய நிறுவனமாக வளர்ந்து, ஐம்பதுகளின் இறுதியில் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. வளர்ந்ததால் போனது ஒன்று, தேய்ந்ததால் போனது இன்னொன்று. இரண்டுக்கும் பிறகு ஊர் வெறுங்கையோடுதான் நின்றது.

அப்படியானால் கேத்திப் பள்ளத்தாக்கின் ஊசி ஆலை எப்படி நிற்கிறது? இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனமாக 1949-இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் இன்றும் ‘போனி’ ஊசிகளைச் செய்கிறது. அந்நிய மூலதனக் குறைப்பை ஒட்டி எழுந்த அதன் பங்குத் தகராறு 1981-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. கம்பெனிச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு எல்லநள்ளியைத் தெரியாவிட்டாலும் அந்த வழக்கின் பெயர் தெரியும். தையல் ஊசியின் பிறப்பு வேடிக்கையானது. எஃகுக் கம்பியை இரண்டு ஊசி நீளத்துக்கு வெட்டி, நிமிர்த்தி, இரு முனையும் கூராக்கி, நடுவில் அடுத்தடுத்து இரண்டு காது குத்தி, பிறகு நடுவே ஒடித்தால் ஒன்று இரண்டாகும். அப்புறம் சூடேற்றிக் குளிரவைத்து உரம் ஏற்றுவதும் பல மணி நேரம் உருட்டி மெருகேற்றுவதும். லாரியில் ஏறிவரும் கம்பி சொற்பம், இறங்கும் ஊசி அதைவிடச் சொற்பம், விலையில் பெரும்பங்கு கைக்கும் கண்ணுக்கும் உரியது. இருவழிக் கூலி இங்கே தொழிலைக் கடிக்கவில்லை. சுற்று ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறையாகப் படிந்த கைப்பழக்கத்தையும் யாரும் மூட்டை கட்டி இறக்க முடியாது. இதுபோன்ற தொழில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தராது என்பதும் உண்மை, மறைக்க வேண்டியதில்லை.

பெருவாரியான பேருக்கு வேலை தந்தது தேயிலைதான், அதன் காரணமும் வெளிப்படை. பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கித் திணித்தால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும், சிவந்த இலைக்கு விலை இல்லை. நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை போனால்தான் ஒரு கிலோ தூள். ஆகவே ஆலை தோட்டத்தின் அருகிலேயே இருந்தாக வேண்டும், எந்த அமைச்சரும் அழைத்து வர வேண்டியதில்லை. 1962-இல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவு ஆலையும் அதைப் பின்பற்றிய ‘இண்ட்கோ’ கூட்டுறவு ஆலைகளும் படகர் ஊர்களின் சிறு விவசாயிக்குச் சொந்த ஆலை என்ற நிலையைத் தந்தன. ஆனால் தேயிலையும் நீலகிரியைக் காப்பாற்றவில்லையே என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். ரஷ்யச் சந்தையைப் பெரிதும் நம்பியிருந்த விலை தொண்ணூறுகளின் இறுதியில் விழுந்தது, அடுத்த பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நிலைத்து நிற்கும் தொழில் செழிப்பான தொழிலாக இருக்க வேண்டும் என்று விதியில்லை. இலை மலையைவிட்டு இறங்காது என்றாலும் விலை மலையில் வைக்கப்படுவதில்லை. ஆனாலும் ஆலை மூடி ஐயாயிரம் பேர் ஒரேயடியாகத் திகைத்து நிற்கும் நிலை தேயிலையில் வரவில்லை. விலை ஏறினால் அதே செடி மறுபடி சோறு போடும்.

இப்போது மென்பொருள் பூங்கா பற்றிப் பேச்சு நடக்கிறது. எடையே இல்லாத பொருள், மலைக்கு ஏற்றதுதானே என்கிறார்கள். எடையில்லாதது ஏறுவதும் எளிது, இறங்குவதும் எளிது. குளிரை நம்பி வருகிற எதற்கும் இந்து நகரின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மலையில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதற்காகவும் ஆலை வரும் என்பதைக் கொடைக்கானல் பார்த்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் மூடிய பாதரச வெப்பமானி ஆலையைப் பெயர்த்துக்கொண்டு வந்து எண்பதுகளில் அங்கே வைத்தார்கள், 2001-இல் அது மூடப்பட்டபோது மண்ணில் பாதரசம் மிஞ்சியது. நிலச்சரிவுக்குப் பெயர்போன நீலகிரியில் கட்டடத்துக்கும் தொழிலுக்கும் இருக்கும் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் முதலாளி வருவான் என்பவர்கள், எப்படிப்பட்ட முதலாளி வருவான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கிடையே குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் எழுந்து வருகிறது. சமவெளியில் காற்றும் வெயிலும் மிஞ்சும் வேளையில் அந்த மின்சாரத்தால் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் வேளையில் கீழே விடுவதுதான் அதன் வேலை. இங்கே விலைபோவது குளிரும் மரமும் கிடையாது, உயரம். அதைக் கம்பியில் இறக்க முடியாது. இமயமலை மாநிலங்கள் தம் நீர்மின் திட்டங்களில் 12 விழுக்காடு மின்சாரத்தை இலவசமாகப் பெறுகின்றன. 2008-இன் மத்திய நீர்மின் கொள்கை உள்ளூர் வளர்ச்சி நிதிக்கென்று கூடுதலாக ஒரு விழுக்காட்டைச் சேர்த்தது. பைக்காராவும் குந்தாவும் மாநிலத்தின் சொந்த மின் நிறுவனத்துடையவை என்பதால் அப்படி ஒரு பங்கைக் கேட்கும் வழக்கம் நீலகிரியில் வேரூன்றவே இல்லை. புதிய ஆலை கேட்டு எழுதும் மனுக்களில் இந்தப் பங்குக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். மாவட்டத்தின் மிகப் பெரிய தொழில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் வருமானம் மட்டும் மாவட்டக் கணக்கில் ஏறுவதில்லை.