அப்போஸ்தலர்

கிரேக்க மொழியின் 'அப்போஸ்தொலோஸ்' தமிழில் அப்போஸ்தலர் ஆனது. 'அனுப்பப்பட்டவர்' என்பது பொருள். இயேசுவுக்கு முன்பே புழக்கத்தில் இருந்த சொல் இது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதை அரச தூதரைக் குறிக்கப் பயன்படுத்தினார். ஏதென்ஸில் புறப்பட்டுப் போகும் கடற்படையையும் இப்படியே சொன்னார்கள். 1995இல் வந்த தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'திருத்தூதர்' என்கிறது. தூதுக்கென்றே குறளில் ஓர் அதிகாரம் உண்டு என்பதால், தமிழ்க் காதுக்கு இது இன்னும் நெருக்கம்.

ஆனால் அரச தூதர் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் அனுப்பப்படுகிற சீடர்களோ பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆண்டவரை மும்முறை மறுதலித்த பேதுருவும் அவர்களில் ஒருவர். உயிர்த்த இயேசு அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை. சமாதானம் சொல்கிறார், காயப்பட்ட கைகளையும் விலாவையும் காட்டுகிறார், மறுபடியும் சமாதானம் சொல்கிறார். அதன் பிறகுதான் அனுப்புகிறார். இந்த வரிசையை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்: மன்னிக்கப்பட்டவர்களே தூதர்கள். தந்தை தம்மை அனுப்பியதைச் சொல்ல அங்கே இயேசுவின் வாயில் வரும் வினையும் 'அப்போஸ்தொலோஸ்' என்ற சொல்லின் வேரிலிருந்தே வருகிறது.

அன்று சீடர்களில் ஒருவரான தோமா அங்கே இல்லை. திரும்பி வந்தவரிடம் மற்றவர்கள் ஆண்டவரைக் கண்ட செய்தியைச் சொன்னார்கள். அவர் நம்பவில்லை.