தரவேற்றம்: உரைக் கோப்பிலிருந்து தரவுத்தளத்துக்கு

வரிக்கு ஒரு பதிவாக எழுதிய எளிய உரைக் கோப்பை, படிவத் திரை எதுவும் இல்லாமல், கட்டளை வரியிலிருந்தே தரவுத்தள அட்டவணைக்குள் மொத்தமாகச் சேர்ப்பது தரவேற்றம். பதிவுக்குள் புலங்களைப் பிரிப்பது காற்புள்ளி, டேப் அல்லது நிலைக்குத்துக் கோடு. காற்புள்ளி இட்ட கோப்புக்கு சி.எஸ்.வி. என்று பெயர். பல பத்தாண்டுகள் புழங்கிய பிறகு 2005இல்தான் ஆர்.எஃப்.சி. 4180 என்னும் ஆவணம் இதற்கு ஓர் இலக்கணம் சொன்னது. அதுவும் கட்டாய விதியன்று. அதனால் ஒரு மென்பொருள் எழுதும் சி.எஸ்.வி. இன்னொன்றுக்குப் பிடிபடாமல் போவதுண்டு.

காவிரிப் படுகையில் இப்படி ஏற்றத்தக்க பதிவுகளுக்குக் குறைவில்லை: மேட்டூர் அணையின் நீர்மட்டம், கல்லணையில் பிரியும் நீரளவு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் மூட்டைக் கணக்கு, சிட்டா. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. நாளுக்கு ஒரு வரி என்று வைத்தாலும் இன்றைக்கு முப்பதாயிரம் வரிக்கு மேல் வரும். கையால் தட்டினால் மாதக்கணக்கில் ஆகும் வேலையை ஒரே கட்டளை சில நொடிகளில் முடிக்கும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இதற்கான ஆணை ‘காப்பி’. அது வழங்கிக் கணினியில் உள்ள கோப்பைப் படிக்கும். நம் கணினியில் உள்ள கோப்பை அனுப்ப, அதே சொல்லுக்கு முன் பின்சாய்கோடு இட வேண்டும். ஒரு வரி பிழையானாலும் முழு ஏற்றத்தையும் ரத்து செய்வது இதன் இயல்பு. மைஎஸ்கியூஎல்லில் ‘லோடு டேட்டா’. இதை ‘லோக்கல்’ என்ற சொல்லோடு கொடுத்தால் பிழைகள் எச்சரிக்கைகளாகச் சுருங்கி, ஏற்றம் நிற்காமல் ஓடிவிடும். எஸ்கியூலைட்டில் ‘இம்போர்ட்’. அட்டவணை முன்பே இருந்தால், தவிர்க்கச் சொன்னாலன்றி, தலைப்பு வரியையும் இது ஒரு பதிவாகவே சேர்த்துவிடும்.

அதிகம் ஏமாற்றுவது தேதிதான். குறுவைக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. 2021இல் அன்றுதான் திறந்தார்கள். நம் வழக்கப்படி 12/06/2021 என்று எழுதிய வரியை, மாதத்தை முதலில் வைக்கும் அமைப்பில் உள்ள போஸ்ட்கிரெஸ்கியூஎல் டிசம்பர் 6 என்று ஏற்றுக்கொள்ளும். ஒரு பிழைச் செய்தியும் வராது. குறுவைத் தண்ணீர் சம்பா வயலில் பாய்ந்ததாகக் கணக்கு நிற்கும். அடுத்த ஆண்டு மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. 24/05/2022 என்ற வரிக்கு வந்ததும், இருபத்து நான்காம் மாதம் இல்லாததால், ஏற்றம் நின்றுவிடும். அப்படி நின்றுபோவது நல்லது. அந்த வரி கோப்பில் இல்லாதிருந்தால் தவறு வெளியே தெரிந்தே இருக்காது. ஆண்டை முதலில் வைத்து 2021-06-12 என எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

நிலப் பதிவுகளில் வேறு ஆபத்து. புல எண் 12, உட்பிரிவு 3 என்பதை 12/3 என எழுதுவோம். அந்தக் கோப்பை ஒருமுறை எக்செல்லில் திறந்து சேமித்தால் அது தேதியாகிவிடும். மூல எண் போய்விடும். 1,25,000 என்று இலட்சக் காற்புள்ளியோடு எழுதிய தொகை, மேற்கோள் குறிக்குள் இல்லாவிட்டால், மூன்று புலங்களாக உடையும்.

அடுத்தது எழுத்துக் குறியாக்கம். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் பல டிஸ்கியிலோ வானவில் போன்ற எழுத்துருக் குறியாக்கங்களிலோ இருக்கின்றன. லினக்ஸின் ‘ஐகான்வ்’ டிஸ்கியை மாற்றித் தரும். எழுத்துருக் குறியாக்கங்களுக்குத் தனி மாற்றி வேண்டும். மாற்றாமல் ஏற்றினால் ஊர்ப்பெயர் அத்தனையும் பொருளற்ற குறிகளாகும்.

தஞ்சை மண்ணுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பெரியகோயில் கல்வெட்டுகள் தேவதான ஊர்களின் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என இறங்கி, கீழ்முந்திரி வரை கணக்கிடுகின்றன. ஒரு வேலியில் மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. நெல், குறுணி, பதக்கு, வேலி, நன்செய் முதலியவற்றுக்கான பழங்குறிகளும் பின்னக் குறிகளுமாக 51 குறியீடுகள் 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் இடம்பெற்றன. வழக்கமான தமிழ் எழுத்து யுடிஎஃப்-8இல் மூன்று பைட். இக்குறிகளுக்கு நான்கு. மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘யுடிஎஃப்8’ மூன்று பைட்டுக்கு மேல் கொள்ளாது. ‘தஞ்சாவூர்’ என்று எழுதிச் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும்; நெற்குறி வந்த வரியில் மட்டும் சொல் வெட்டுப்படும், அல்லது கேள்விக்குறி நிற்கும். ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று அறிவித்த அட்டவணையே இங்கு வேண்டும். அளவுகளை மிதவைப் புள்ளி எண்ணாக வைப்பதும் தவறு. முந்திரி 0.003125 என்று பதின்மத்தில் முழுமையாக முடிகிறது. இரும எண்ணில் முடிவதில்லை. ‘டெசிமல்’ வகையே பொருந்தும்.

தேர்ந்தவர்கள் நேராக இறுதி அட்டவணைக்குள் ஏற்றமாட்டார்கள். எல்லாப் புலமும் உரையாகவே உள்ள ஓர் இடைநிலை அட்டவணையில் முதலில் இறக்கி, கோப்பின் பதிவுகளும் அட்டவணையின் பதிவுகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, பிறகே தேதியாகவும் எண்ணாகவும் மாற்றுவார்கள். எண்ணிக்கை ஒத்தாலும் முதல் பத்து வரிகளையும் கடைசிப் பத்து வரிகளையும் கண்ணால் படித்துவிடுங்கள். மூலக் கோப்பில் ஓர் எழுத்தும் திருத்தாமல் தனியே எடுத்து வையுங்கள்.