பேரனிடம் தோற்ற பந்தயமும் நிண்டெண்டோ வதந்திகளும்



இந்தப் பதிவு ஒரு பந்தயக் கடன். 2025 ஜனவரியில் பேரனிடம் தோற்றேன். "தோத்தா நீங்க இதைப் பத்தி ஃபேஸ்புக்ல எழுதணும் தாத்தா" என்பது அவன் போட்ட நிபந்தனை. நான் ஜெயித்திருந்தால் அவன் பத்துக் குறளைத் தமிழில் எழுதிக் காட்டியிருக்க வேண்டும். கண் வலி, வெயில், கல்யாண வீடு என்று இதுவரை சாக்குச் சொல்லிக் கடத்திவிட்டேன். நேற்று வீடியோ காலில் மறுபடி கேட்டுவிட்டான். பதிவு நீளம்தான். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிஷம் பேசுகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்தோம். பேரனுக்குப் பதின்மூன்று வயது. தீபாவளிக் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் சேர்த்து வைத்திருந்தான். நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவி வாங்க வேண்டும். கடையில் தள்ளுபடி வேறு. ஆனால் அதற்கு அடுத்த கருவி வரப்போகிறது என்று அவன் கூட்டாளிகளெல்லாம் பேசுகிறார்கள். இப்போது வாங்கினால் இரண்டே மாதத்தில் பழசாகிவிடுமோ? காத்திருந்தால் தள்ளுபடி போய்விடுமோ? பையன் சாப்பாட்டில் கூடக் கவனமில்லாமல் இருந்தான். ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனில் ஒரு படத்தைக் காட்டினான். புதிய கருவியின் கன்ட்ரோலராம், எங்கிருந்தோ கசிந்ததாம். வலது பக்கம் ஹோம் பொத்தானுக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லாத ஒரு புதிய பொத்தான். "நீங்க ஹிஸ்டரி டீச்சர்தானே. இது நிஜமா பொய்யான்னு கண்டுபிடிங்க தாத்தா."

முப்பத்து நாலு வருஷம் சரித்திரப் பாடம் எடுத்தவனுக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அன்றிரவே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

நிண்டெண்டோ 1889-இல் ஜப்பானின் கியோத்தோ நகரத்தில் தொடங்கிய கம்பெனி. அப்போது அவர்கள் தயாரித்தது ஹனஃபுடா என்ற பூப்படச் சீட்டுகள். பெயரில் உள்ள மூன்று எழுத்துகளில் முதலாவதற்கு ஒப்படைத்தல் என்றும், இரண்டாவதற்கு வானம் என்றும், மூன்றாவதற்குக் கூடம் என்றும் பொருள். சீட்டுக் கம்பெனிக்குப் பொருத்தமான பெயர்தான். வீடியோ விளையாட்டுக்கு வந்தது பிற்பாடு.

கையிலுள்ள சீட்டை வெளியே காட்டாத பழக்கம் மட்டும் அவர்களிடம் இன்றுவரை இருக்கிறது. முன்பெல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கும் ஈ3 கண்காட்சியில் மேடையேறி அறிவிப்பார்கள். 2011 அக்டோபரிலிருந்து நிண்டெண்டோ டைரக்ட் என்ற பெயரில் காணொளியாகச் சொல்கிறார்கள். அது எந்தத் தேதியில் வரும் என்பதைப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்னால்தான் தெரிவிப்பார்கள். அதனால் என்ன அறிவிப்பு வரும் என்பதற்கு முன்பே, அறிவிப்பு எந்தக் கிழமை வரும் என்பதற்கே உலகம் முழுக்க ரசிகர்கள் ஜோசியம் பார்க்கிறார்கள்.

2004-இல் அன்றைய தலைவர் சத்தோரு இவாட்டா அடுத்த கருவியின் சங்கேதப் பெயரைச் சொன்னார்: 'ரெவல்யூஷன்', அதாவது புரட்சி. என்ன புரட்சி என்று சொல்லவில்லை. 2005 மே மாதம் பெட்டியை மட்டும் காட்டி, கன்ட்ரோலரை மறைத்து வைத்துக்கொண்டார்கள். அந்தக் கண்காட்சிக்குச் சற்று முன்னால் 'நிண்டெண்டோ ஆன்' என்று ஒரு காணொளி பரவியது. தலையில் ஹெல்மெட் போல மாட்டிக்கொண்டால் விளையாட்டு உலகத்துக்குள்ளேயே போய்விடலாமாம். கம்பெனி விளம்பரம் போலவே அச்சு அசலாக இருந்தது. ஒரு ரசிகர் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை அது. செப்டம்பரில் டோக்கியோவில் இவாட்டா உண்மையான கன்ட்ரோலரைக் காட்டினார். டிவி ரிமோட் மாதிரி ஒரு குச்சி! கையை வீசி ஆட வேண்டும். ஹெல்மெட்டை நம்பியவர்களில் ஒருவர்கூட இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். அதுதான் 2006-இல் 'வீ' என்ற பெயரில் வந்து, பத்துக் கோடிக்கு மேல் விற்றது.

அடுத்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வகுப்பில் இருந்திருந்தால் ஒரு பீரியட் முழுக்க இதையே நடத்தியிருப்பேன்.

2015 மார்ச் 17. இவாட்டா இன்னொரு சங்கேதப் பெயர் சொன்னார்: 'என்எக்ஸ்'. செல்போன் விளையாட்டுக்காக டிஇஎன்ஏ என்ற கம்பெனியோடு கூட்டுச் சேர்வதை அறிவித்த நாள் அது. சொந்தக் கருவி செய்யும் தொழிலை விட்டுவிடப் போகிறார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, அடுத்த கருவியும் தயாராகிறது என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். அதே ஜூலையில் அவர் இறந்துபோனார், 55 வயதில். அதன்பின் ஒன்றேகால் வருஷம் கம்பெனி என்எக்ஸ் பற்றி வாய் திறக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்த இடைவெளியில் நிண்டெண்டோவின் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று ரசிகர்கள் கண்ணில் பட்டது. முட்டை வடிவக் கன்ட்ரோலர். முன்பக்கம் முழுவதும் திரை. அந்தத் திரையிலிருந்தே இரண்டு குமிழ்கள் எழும்பி நிற்கின்றன. இது உண்மையான ஆவணம். யாரும் மறுக்க முடியாது. 2016 மார்ச்சில் ஒரு புகைப்படம் வெளியானது. மேசைமேல் கறுப்பாக, முட்டை வடிவில், திரையிலிருந்து குமிழ்கள் எழும்பிய ஒரு கன்ட்ரோலர். சில நாளில் இன்னொருவரிடமிருந்து வேறு கோணத்தில் அதே மாதிரி இன்னொரு படம். தனித்தனியாக இரண்டு சாட்சி, மூன்றாவதாகக் காப்புரிமை ஆவணம். எந்தக் கோர்ட்டிலும் இது போதுமே!

ஆனால் இரண்டுமே பொய். செய்தவர்களே பின்னால் எப்படிச் செய்தோம் என்று காணொளி போட்டு ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அந்த உருவத்தை வார்த்திருந்தார்.

இதில் ஏமாந்தவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஆவணம் பார்த்தார்கள், ஒப்பிட்டார்கள், இரண்டாவது சாட்சி தேடினார்கள். நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். ஒரே ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. படம் எடுத்தவரும் அதே காப்புரிமை ஆவணத்தைப் பார்த்திருப்பாரே? முதல் சாட்சியைப் பார்த்துத்தான் இரண்டாவது சாட்சி பேசியிருப்பாரோ? பொய்ச் செப்பேடு தயாரிப்பவன் நிஜச் செப்பேட்டைப் பார்த்துத்தான் தயாரிப்பான். அப்படியிருக்க, நிஜத்தோடு ஒத்துப்போகிறது என்பது மட்டும் எப்படிச் சான்றாகும்? இன்னொன்று, காப்புரிமை என்பது ஒரு யோசனையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் வேலி போட்டு வைப்பது. மனை வாங்கியவரெல்லாம் வீடு கட்டிவிடுவதில்லை.

அதே வருஷம் ஜூலைக் கடைசியில் யூரோகேமர் என்ற பிரிட்டிஷ் இணைய இதழ், கசிந்த புகைப்படம் எதுவும் இல்லாமல் ஒரு செய்தி போட்டது. என்எக்ஸ் என்பது கையில் எடுத்துக்கொண்டு போகும் கருவி, இரு பக்கமும் கழற்றி மாட்டும் கன்ட்ரோலர்கள், வீட்டில் டிவியோடும் இணைக்கலாம் என்று. அக்டோபர் 20-ஆம் தேதி கம்பெனி வெளியிட்ட ஸ்விட்ச் அப்படியே இருந்தது. எழுதியவர்கள் தங்கள் பெயரைப் போட்டு, தவறானால் தங்கள் மரியாதை போகும் என்ற நிலையில் எழுதினார்கள். பளபளவென்று கண்ணில் பட்ட படம் பொய்யானது, புகைப்படமே இல்லாத வார்த்தை நிஜமானது.

ஊகத்தில் ரசிகர்கள் இழப்பது பெரும்பாலும் தூக்கத்தை. பங்குச்சந்தைக்காரர்கள் இழப்பது பணத்தை. அதே 2016 ஜூலையில் போகிமான் கோ வெளிவந்ததும் நிண்டெண்டோ பங்கு விலை இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகத் தாண்டியது. அந்த விளையாட்டைச் செய்தது நியான்டிக் என்ற வேறு கம்பெனி. நிண்டெண்டோவுக்கு வரும் பங்கு கொஞ்சம்தான். இதை நிண்டெண்டோவே 22-ஆம் தேதி அறிக்கையாக வெளியிட்டது. அடுத்த திங்கட்கிழமை ஒரே நாளில் பங்கு 18 சதவீதத்துக்குப் பக்கமாக விழுந்தது. கோட்டும் டையும் கட்டியவர்கள் பேரனின் கூட்டாளிகளைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை என்று இதைச் சொன்னபோது பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சரி, பையனின் காசுக்கு வருகிறேன்.

குவிந்து கிடந்த வதந்திகளுக்கு நடுவே ஒரே ஒரு முதல்தரச் சான்று இருந்தது. 2024 மே 7 அன்று இன்றைய தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, தன் பெயரைச் சொல்லியே கம்பெனியின் எக்ஸ் கணக்கில் எழுதியிருந்தார்: ஸ்விட்சுக்கு அடுத்த கருவி பற்றி இந்த நிதியாண்டுக்குள் அறிவிப்போம் என்று. ஜப்பானிலும் நம்மைப் போலவே மார்ச் 31-இல் அவர்கள் நிதியாண்டு முடிகிறது. அப்படியானால் அதிகபட்சம் இன்னும் மூன்றரை மாதம். "காசைப் பத்திரமா வை. மார்ச் வரைக்கும் பொறு" என்றேன்.

"அப்போ இந்தப் படம்?"

"அது தெரியாது."

"பொய்யின்னு சொல்றீங்களா?"

"பொய்யின்னு சொல்லலை. தெரியாதுன்னு சொல்றேன்."

பையனுக்கு இது பிடிக்கவில்லை. தாத்தா தப்பித்துக்கொள்கிறார் என்று நினைத்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கும் ஜோசிய ஆசை வந்துவிட்டது. புதிய கருவிக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று பேச்சு வந்தது. அவன் சர்வசாதாரணமாக "ஸ்விட்ச் 2" என்றான். நான் சரித்திரத்தை விரித்தேன். 1983-இல் ஃபேமிகாம், 1990-இல் சூப்பர் ஃபேமிகாம், பிறகு நிண்டெண்டோ 64, கேம்கியூப், வீ, வீ யூ, ஸ்விட்ச். நாற்பது வருஷத்தில் ஒருமுறைகூட டிவியில் ஆடும் கருவிக்கு இரண்டு, மூன்று என்று வரிசை எண் போட்டதில்லை. அது சோனியின் பழக்கம். ஆகவே ஸ்விட்ச் 2 என்று வராது. பந்தயம்?

பந்தயம் என்றான். "தாத்தா, வீ யூ ஏன் விக்கலை? அது புதுசா, பழைய வீக்கு ஒரு உதிரிப் பாகமான்னு ஜனங்களுக்குப் புரியலை. பேரால ஒரு தடவை அடிபட்டவங்க மறுபடியும் குழப்புவாங்களா?"

நான் சிரித்தேன்.

ஜனவரி 16. காணும் பொங்கல். வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சாயங்காலம் ஆறரை மணிக்குமேல் வாட்ஸப்பில் அழைப்பு. திரை முழுக்கப் பையனின் பல். ஸ்விட்ச் 2. ஏழு கருவிகளின் பெயர்ப்பட்டியலை நான் ஒப்பித்தேன். அவன் அவற்றில் அடிபட்ட ஒன்றை எடுத்துப் பார்த்தான். வீ யூ விற்றது ஒன்றரைக் கோடிக்கும் குறைவு; அதற்கு முன்னால் வந்த வீ பத்துக் கோடி. அந்த வலி கம்பெனிக்கு மறந்திருக்காது என்பது எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது. அந்தப் பெயரில்லாப் பொத்தானும் நிஜம். ஏப்ரல் 2-ஆம் தேதி அறிவிப்பில் அதில் 'சி' என்று எழுதியிருந்தது, விளையாடிக்கொண்டே நண்பர்களோடு பேசுவதற்காம். ஜூன் 5-இல் கருவி வெளிவந்து, நாலு நாளில் 35 லட்சம் விற்றதாகக் கம்பெனி சொன்னது. பையனும் பிறகு வாங்கிவிட்டான். பற்றாக்குறைக்குக் கொஞ்சம் நான் போட்டேன். மருமகளிடம் சொல்ல வேண்டாம்.

நேற்று போனில் அவன் சொன்ன ஒரு விஷயத்தால்தான் இந்தப் பதிவை இன்றே எழுத உட்கார்ந்தேன்.

1996-இல் சூப்பர் மேரியோ 64 என்று ஒரு விளையாட்டு வந்தது. மேரியோவுக்கு லூயிஜி என்று ஒரு தம்பி. அந்த விளையாட்டில் தம்பி இல்லை. கோட்டை முற்றத்தில் நட்சத்திரச் சிலை ஒன்று. அதன் கீழே மங்கலான எழுத்துள்ள பலகை. அதை ரசிகர்கள் 'எல் இஸ் ரியல் 2401' என்று படித்தார்கள். லூயிஜி நிஜமாகவே உள்ளே ஒளிந்திருக்கிறான், 2401 காசு சேர்த்தால் வருவான் என்று நம்பிப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் தேடினார்கள். வரவில்லை. 1998-இல் வந்த வேறொரு விளையாட்டிலும் அதே மங்கலான பலகை இருந்தது. வெறும் அலங்காரக் கிறுக்கல், அவ்வளவுதான் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். 2020 ஜூலையில் நிண்டெண்டோவின் பழைய உள்கோப்புகள் திருட்டுத்தனமாக வெளியாயின. அவற்றில் அந்த விளையாட்டுக்காகச் செய்து கைவிட்ட லூயிஜியின் உருவப் பாகங்கள் கிடந்தன. வெளியாகி 24 வருஷம் 1 மாதம் கழித்து! எண்ணைப் பார்த்து ரசிகர்கள் சிலிர்த்துப்போனார்கள். எண் தற்செயல்தான், எனக்குச் சந்தேகமில்லை. பலகையும் கிறுக்கல்தான். காசு சேர்த்தால் வருவான் என்றதும் கட்டுக்கதை. ஆனால் தம்பி ஒருகாலத்தில் உள்ளே இருந்தான்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வந்தான். பேர் போடவில்லை. ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. எங்கள் ஊர் ஏரி மதகுக் கல்லில் எழுத்து இருக்கிறது, ராஜராஜன் வெட்டியது சார் என்று எழுந்து சொன்னான். "அரிவாள் தீட்டின கீறலா இருக்கும்டா, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. சைக்கிளில் இருபது நிமிஷ தூரம். நான் ஓய்வுபெற்ற பிறகு கல்வெட்டு ஆர்வலர்கள் சிலர் அந்தக் கல்லைப் படியெடுத்தார்கள். ராஜராஜன் இல்லை. பல நூற்றாண்டு பிந்தியது, மதகைச் செப்பனிட்டவர் பேர் நாலு வரி. எழுத்துதான்.

தம்பி, நீ என் நண்பர் பட்டியலில் இருக்கிறாய். பதிவுகளுக்கு லைக் போடுகிறாய், ஒருநாளும் பேசியதில்லை. அன்றைக்கு "தெரியாது, வா, போய்ப் பார்ப்போம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சாயங்கால வெயிலில் சாய்ந்து பார்த்தால் எழுத்து தெரிகிறது என்கிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை.